நகரும் படிக்கட்டின் அடியில்

மலையில் ஏறுவதற்கு மனிதன் படி வெட்டினான். மாடியில் ஏறுவதற்கு மரத்தாலும் கல்லாலும் படி அமைத்தான். பல்லாயிரம் ஆண்டுகளாகப் படி நின்றது, மனிதன் நடந்தான். இந்த உறவு தலைகீழாகிப் படி நடக்க மனிதன் நிற்கத் தொடங்கி இற்றைக்கு ஏறக்குறைய 130 ஆண்டுகளே ஆகின்றன. இன்று உலகத்துப் பெருநகரங்களில் வேலைக்குச் செல்லும் தொழிலாளியும், பள்ளிக்குச் செல்லும் சிறுவனும், பையைச் சுமந்த தாயும் நாள்தோறும் இந்த நகரும் படியில் கால் வைத்து, றப்பர்க் கைப்பிடியைப் பற்றி, வேறெதையோ எண்ணிக்கொண்டு பூமியின் அடிக்குச் செல்கின்றனர். பின்னர் மேலே வருகின்றனர். தமது பாதத்திற்கு ஒரு முழம் கீழே என்ன இருக்கின்றது என்று அவர்களுள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்?

எண்ணாதது அவர்கள் குற்றமன்று. பொது யந்திரம் என்றாலே நம்பிக்கை என்பதுதான் பொருள். முன்பின் அறியாத யாரோ ஒருவர் அதைத் துடைத்திருப்பார், எண்ணெய் இட்டிருப்பார், தடையைச் சோதித்திருப்பார் என்ற நம்பிக்கையிலேயே நகரத்து மாந்தர் தம் உயிரை அதன்மேல் ஏற்றி வைக்கின்றனர். அந்த நம்பிக்கை எவ்வாறு காக்கப்பட்டது, எவ்வாறு கைவிடப்பட்டது என்பதையும் ஒரு வரலாறாகக் கூற முடியும். அவ்வரலாற்றைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். இத்தகைய யந்திரங்களின் அபாயம் படியின் அடியில் மட்டும் மறைந்து கிடப்பதில்லை. இயக்குவோரின் பழக்கத்திலும், அவர்கள் எழுதும் அறிக்கையின் சொற்களிலும், அவர்களின் மௌனத்திலும் அது மறைந்து வாழ்கின்றது. பாரிஸ், மொஸ்கோ, லண்டன் ஆகிய மூன்று நகரங்களில் நிகழ்ந்தவற்றை முன்வைத்து இதனை ஆராய்வோம்.

பிராந்தி கொடுத்த காலம்

அமெரிக்கரான ஜெஸ்ஸி றீனோ என்பவர் 1892ஆம் ஆண்டில் சாய்வாக நகரும் ஏற்றப்பாதை ஒன்றுக்கு உரிமம் பெற்றார். 1896இல் நியூயோர்க்கின் கொனி ஐலண்ட் என்னும் உல்லாசக் கடற்கரையில் அது வேடிக்கைப் பொருளாக மக்களை ஏற்றி இறக்கியது. சாள்ஸ் சீபேர்கர் என்ற மற்றோர் அமெரிக்கர் ‘எஸ்கலேற்றர்’ என்னும் பெயரைச் சூட்டினார். 1900ஆம் ஆண்டின் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அது உலகத்தார் கண்முன் வைக்கப்பட்டது. இதற்கிடையில், 1898 நவெம்பரில், லண்டனின் ஹரொட்ஸ் என்னும் பெருங்கடையில் நகரும் ஏற்றம் ஒன்று திறக்கப்பட்டது. அதில் ஏறி மேல்மாடியை அடைந்த சீமான்களும் சீமாட்டிகளும் அடைந்த படபடப்பைத் தணிப்பதற்காக அவர்களுக்குப் பிராந்தி வழங்கப்பட்டதாம்!

இச்செய்தி இன்று நகைப்புக்கு இடமாகலாம். ஆயினும் அதில் ஒரு பொருள் உண்டு. யந்திரம் புதிதாக இருந்தபோது மக்கள் அதற்கு அஞ்சினர். மக்கள் அஞ்சியதனால் நடத்துவோரும் அருகில் நின்று கவனித்தனர். 1911ஆம் ஆண்டு ஒக்டோபரில் லண்டன் சுரங்க ரயிலின் ஏர்ள்ஸ் கோர்ட் நிலையத்தில் முதல் நகரும் படிக்கட்டு இயங்கத் தொடங்கியது. அதன்பின் அது அந்நகரின் அன்றாட வாழ்வில் ஒன்றாயிற்று. அச்சம் போயிற்று, அச்சத்தோடு கவனமும் போயிற்று. யந்திரம் பழகிப்போன பொருளாக மாறிய அந்த நாளிலிருந்தே அதன் உண்மையான அபாயம் தொடங்குகின்றது எனலாம்.

யந்திரத்தின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். ஒவ்வொரு படியும் இரண்டு சோடிச் சில்லுகளின்மேல் நிற்கும் ஒரு சிறு வண்டி. இரு பக்கமும் ஓடும் கனத்த சங்கிலிகள் இவ்வண்டிகளைக் கோத்து இழுக்கின்றன. மேலும் கீழும் வந்து சேருமிடத்தில் சில்லுகளைத் தாங்கும் தண்டவாளங்கள் வளைந்து, படிகளைச் சமதளமாக்குகின்றன. அங்கே சீப்பின் பற்கள் போன்ற ஓர் இரும்புத் தகடு படியின் பள்ளங்களுக்குள் நுழைந்து, பாதத்தை நிலத்திற்கு வாங்கிக்கொள்கின்றது. படிக்கும் பக்கப் பலகைக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தே தீரும். அசையும் பொருளுக்கும் அசையாப் பொருளுக்கும் நடுவே இடைவெளி இன்றேல் யந்திரம் ஓடாது. அந்த இடைவெளியில்தான் சிறுவரின் மென்மையான காலணியும் நீண்ட ஆடையின் கரையும் அகப்படுகின்றன. எரியும் தீக்குச்சி விழக்கூடிய இடமும் அதுவே.

இன்னொன்றும் உண்டு. ஏறும் படிக்கட்டில் மோட்டார் மக்களை இழுக்கின்றது. மக்கள் நிறைந்து இறங்கும் படிக்கட்டிலோ மோட்டாரின் வேலை பெரும்பாலும் அவர்களின் பாரத்தைப் பிடித்து வைப்பதேயாகும். அந்தப் பிடி விட்டால் மக்களின் எடையே அவர்களைக் கீழ்நோக்கி ஓட்டும். அப்போது அவர்களுக்கும் மரணத்திற்கும் இடையில் நிற்பது தடை ஒன்றுதான்.

பாரிஸ், 1903

நகரும் படிக்கட்டு சுரங்க நிலையங்களுக்கு வருமுன்னரே, சுரங்கத்தில் யந்திரத்தை இயக்குவோர் கற்றிருக்க வேண்டிய பாடம் ஒன்று பாரிஸ் நகரில் எழுதப்பட்டது. அந்நகரின் சுரங்க ரயில் 1900 யூலையில் தொடங்கியது. மூன்றே ஆண்டுகளில், 1903 ஓகஸ்ட் 10ஆந் திகதி மாலை, மின்கோளாறினால் ஒரு ரயிலில் தீப்பிடித்தது. பிரயாணிகளை இறக்கிவிட்டு வெற்று ரயிலை அப்பால் கொண்டுசெல்ல முயன்றனர். மரத்தாலான பெட்டிகள் சுரங்கத்தின் நடுவே கொழுந்துவிட்டு எரிந்தன. பின்னால் மக்கள் நிறைந்து வந்த மற்றொரு ரயில் கூரொன் நிலையத்தில் நின்றது.

வெளியேறுமாறு பிரயாணிகளிடம் கூறப்பட்டது. அவர்களிற் பலரும் அந்தக் கிழக்குப் பாரிசின் உழைக்கும் மக்கள். பயணத்தை முடிக்காமல் இறக்கிவிடுவதாயின், கொடுத்த சீட்டுப் பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று அவர்களுள் சிலர் வாதிட்டனர். இரண்டாம் வகுப்புச் சீட்டின் விலை 15 சதம். வாதம் நடந்துகொண்டிருக்கையிலேயே சுரங்கத்திலிருந்து கரும்புகை பாய்ந்து வந்தது. ரயிலை ஓட்டிய மின்சாரமே விளக்குகளுக்கும் ஊட்டப்பட்டிருந்தமையால் நிலையம் இருளில் மூழ்கியது. வழி தெரியாமல் மக்கள் வாசலில்லாத மறுகோடியை நோக்கி ஓடினர். அன்று மாண்டோர் 84 பேர். அவர்களிற் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று, புகையே.

பதினைந்து சதத்திற்காக உயிரை விட்டார்கள் என்று எளிதாகக் கூறிவிடலாம். அப்படிக் கூறியோரும் உண்டு. ஆனால் காணாத நெருப்பை அவர்கள் எவ்வாறு அறிவர்? கண்முன் இருந்தது கையிலிருந்து போன காசு; கண்ணுக்கு மறைந்திருந்தது தீ. மறைந்திருந்ததை அறிந்திருக்க வேண்டியவர் எவர் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. விபத்தின் பின் விளக்குகளுக்கு வேறு மின்வழி அமைக்கப்பட்டது. வெளியேறும் வழியைக் காட்டும் ஒளிப்பலகைகள் வந்தன. மரப்பெட்டிகளின் இடத்தை இரும்புப் பெட்டிகள் பெறலாயின. இவற்றுள் எதுவும் 1903இல் மனித அறிவுக்கு எட்டாத புதுமையன்று. 84 பேர் மாண்டபின் செய்யக்கூடியது அவர்கள் வாழும்போதும் செய்யக்கூடியதாகவே இருந்தது.

மொஸ்கோ, 1982

மொஸ்கோவின் சுரங்க ரயில் 1935இல் திறக்கப்பட்டது. பளிங்குத் தூண்களும் சரவிளக்குகளும் நிறைந்த அந்நிலையங்கள், உழைப்பவனுக்கும் மாளிகை உரியது என்ற எண்ணத்தின் வடிவமாகக் கருதப்பட்டன. நிலத்தின் ஆழத்தில் அமைந்தமையால் அவற்றின் நீண்ட நகரும் படிக்கட்டுகளும் புகழ்பெற்றன. 1979ஆம் ஆண்டின் இறுதியில் அவியமொத்தோர்நயா என்னும் நிலையம் திறக்கப்பட்டது. 1981 டிசெம்பரில் அதன் படிக்கட்டுகளுக்குப் புதிய அமைப்பினையுடைய தடைகள் பொருத்தப்பட்டன. ஆனால் அவற்றைச் சீர்செய்தவர்கள் பழைய தடைகளுக்குரிய அறிவுறுத்தல்களின்படியே சீர்செய்தனர்.

1982 பெப்ரவரி 17ஆந் திகதி மாலை, வேலை முடிந்து மக்கள் நெருங்கி நின்ற நேரத்தில், இறங்கும் படிக்கட்டொன்றில் பழுது ஏற்பட்டது. மோட்டாரின் பிடி விட்டதும் தடைகள் பாரத்தைத் தாங்கவில்லை. மக்களின் எடையே படிகளைக் கீழ்நோக்கி விரட்டியது. கீழே வந்து விழுந்தவர்மேல் பின்னால் வந்தவர் விழுந்தனர். அவர்மேல் மேலும் பலர் விழுந்தனர். சிலர் பக்கச் சுவரின் மேல் ஏறித் தப்ப முயன்றபோது, மெல்லிய பிளாஸ்திக்குத் தகடுகள் உடைந்து உள்ளே விழுந்தனர். எல்லாம் இரண்டு நிமிடத்திற்குள் முடிந்துவிட்டது. எட்டுப் பேர் மாண்டனர். முப்பது பேர் வரை காயமுற்றனர்.

மறுநாள் மாலைப் பத்திரிகை ஒன்றில் சில வரிச் செய்தி வந்தது: விபத்து நிகழ்ந்தது, பாதிக்கப்பட்டோர் உளர், காரணம் ஆராயப்படுகின்றது என்ற அளவில் அது நின்றுவிட்டது. பின்னர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது, தகடுகள் மாற்றப்பட்டன, தடைகள் சீர்செய்யப்பட்டன. ஆயினும் நடந்தது இன்னது என்பதை மக்கள் விவரமாக அறிவதற்குப் பல்லாண்டுகள் சென்றன. அந்த இடைக்காலத்தில் வதந்தி வளர்ந்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் என்றும், தகடு உடைந்து விழுந்தவர்களை யந்திரப் பற்கள் அரைத்துவிட்டன என்றும் நகரமெங்கும் பேசிக்கொண்டனர். உண்மையில் அவ்வாறு விழுந்தவர்கள் யந்திரத்துள் அகப்படவில்லை. மிதிபட்டும் நசுங்கியுமே எண்மர் இறந்தனர். உண்மையை மறைத்தோர் அச்சத்தைத் தவிர்க்க எண்ணியிருக்கலாம். ஆனால் மௌனம் உண்மையைவிடப் பெரிய அச்சத்தையே பெற்றெடுத்தது.

மக்களின் பெயரால் கட்டப்பட்ட நிலையத்தில் மக்கள் மடிந்த செய்தியை மக்களுக்கே சொல்லாமல் விட்டதை, பொதுவுடைமையில் நம்பிக்கை வைத்தோர் முதலில் கண்டித்திருக்க வேண்டும். பொதுச் சொத்து என்பதன் உயிர்நாடி பொது அறிவாகும். கணக்கையும் குறையையும் மக்கள் அறியாவிடத்து, சொத்து எவர் பெயரில் எழுதப்பட்டிருப்பினும் அது மக்களுடையதாகாது.

லண்டன், 1987

மொஸ்கோவில் மறைத்தது மௌனம் என்றால், லண்டனில் மறைத்தது ஒரு சொல். சுதந்திரமான பத்திரிகைகளும் பழம்பெரும் நாடாளுமன்றமும் உள்ள அந்நகரில், சுரங்க ரயிலின் நகரும் படிக்கட்டுகளில் ஆண்டுதோறும் சிறு தீக்கள் தோன்றி அணைந்தன. நிருவாகத்தினர் அவற்றைத் ‘தீ’ என்று அழைப்பதில்லை. ‘புகைச்சல்’ என்றே அழைத்தனர். தீ என்றால் மணி அடிக்க வேண்டும், தீயணைப்புப் படையை அழைக்க வேண்டும், மேலிடத்திற்கு விளக்கம் எழுத வேண்டும். புகைச்சல் என்றால் ஒரு வாளி தண்ணீரோடு காரியம் முடிந்துவிடும். 1956க்கும் 1988க்கும் இடையில் நிகழ்ந்த பாரதூரமான படிக்கட்டுத் தீக்கள் 46 என்றும், அவற்றுள் 32 புகைப்போர் எறிந்த பொருள்களால் விளைந்தவை எனக் கருதப்பட்டன என்றும் பின்னர் விசாரணை கணக்கிட்டது. 1984 நவெம்பரில் ஒக்ஸ்போர்ட் சேர்க்கஸ் நிலையத்தில் பெருந்தீ மூண்டது. உயிர்ச்சேதம் இல்லை. அதன்பின் 1985இல் சுரங்க நிலையங்களில் புகைத்தல் தடைசெய்யப்பட்டது. ஆனால் வேலை முடிந்து வீடு திரும்புவோர், வெளியே கால் வைக்குமுன் நகரும் படியில் நின்றவாறே சிகரெட்டைப் பற்றவைக்கும் பழக்கத்தை விடவில்லை. தடையை வற்புறுத்துவாரும் இல்லை.

1987 நவெம்பர் 18ஆந் திகதி, புதன்கிழமை. கிங்ஸ் குறொஸ் நிலையத்தில் பிக்கடிலிப் பாதையிலிருந்து மேலேறும் நான்காம் இலக்கப் படிக்கட்டின் அடியில் தீ எரிவதைப் பிரயாணி ஒருவர் இரவு ஏழரை மணியளவில் கண்டு கூறினார். அப்படிக்கட்டு இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. அதன் மிதிபலகைகள், பக்கப்பலகைகள், கைப்பிடிச் சுவர்கள் யாவும் மரம். தீயும் அப்போது பெரிதன்று; ஒரு பெரிய அட்டைப்பெட்டி எரிவது போன்றே இருந்தது என்று கண்டவர்கள் கூறினர். நிலத்தின் அடியில் வானொலிக் கருவி வேலை செய்யாமையால், பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் மேலே ஓடிச் சென்றே செய்தி அனுப்ப வேண்டியதாயிற்று. படிக்கட்டின் அடியில் நீர்த்தூவும் சாதனம் இருந்தது. அதைத் திறப்பதற்கு எவரும் பயிற்றப்பட்டிருக்கவில்லை. அன்றிரவு அதிலிருந்து ஒரு துளி நீரும் தூவப்படவில்லை.

பிரயாணிகளை வெளியேற்றப் பொலிசார் நல்லெண்ணத்தோடு முனைந்தனர். பக்கத்திலிருந்த விக்டோரியாப் பாதையின் படிக்கட்டு வழியே அவர்களை மேலே, சீட்டு மண்டபத்துக்கு அனுப்பினர். ரயில்கள் வந்து நின்று மேலும் மக்களை இறக்கிய வண்ணமே இருந்தன. தீயணைப்புப் படையினர் வந்து சேர்ந்து சில நிமிடங்களே ஆகியிருந்தன. ஏழே முக்கால் மணியளவில், அதுவரை அடக்கமாக எரிந்த நெருப்பு, சாய்வான சுரங்கவழியே சீறிப் பாய்ந்து சீட்டு மண்டபத்தை விழுங்கியது. 31 பேர் மாண்டனர். நூறு பேர் வரை மருத்துவமனைகளுக்கு எடுத்துச் செல்லப்பட்டனர். மாண்டோரில் ஒருவர் சோகோ தீயணைப்பு நிலையத்தின் அதிகாரி கொலின் ரவுன்ஸ்லி. வெளியேற முடியாதிருந்த ஒருவருக்கு உதவ நின்றமையே அவர் உயிருக்கு முடிவாயிற்று என்று கருதப்படுகின்றது.

பதினெட்டுக் கருகல்கள்

டெஸ்மண்ட் பெனல் என்னும் சட்ட அறிஞரின் தலைமையில் விசாரணை நடந்தது. 91 நாள்கள் பகிரங்கமாகச் சாட்சியம் கேட்கப்பட்டது. 1988 நவெம்பரில் வெளியான அறிக்கை 157 விதப்புரைகளைக் கூறியது. அந்த விசாரணை கண்டவற்றுள் இரண்டு செய்திகள் நம் சிந்தனைக்குரியவை.

முதலாவது, படிக்கட்டின் அடியிலிருந்து எடுக்கப்பட்ட அழுக்கு. சில்லுகள் ஓடும் பாதையில் பல்லாண்டு இட்ட எண்ணெய்ப் பசை தடித்துக் கிடந்தது. அது தனியே எளிதில் தீப்பற்றாது. ஆனால் அதில் பிரயாணிகளின் ஆடையிலிருந்து உதிர்ந்த நூற்பஞ்சு, கிழிந்த சீட்டுத் துண்டுகள், தலைமயிர், எலிமயிர் எல்லாம் ஊறிக் கிடந்தன. அப்படிக்கட்டு நிறுவப்பட்ட காலந்தொட்டு அதன் அடிப்பகுதி முழுமையாகத் துப்புரவு செய்யப்பட்டதற்குச் சான்றில்லை. சோதனைக்காக எரியும் தீக்குச்சிகளைப் போட்டுப் பார்த்தபோது அந்தப் பசை பற்றி எரிந்தது. அது மட்டுமன்று, அதே படிக்கட்டின் அடியில் வேறு 18 இடங்களில் மரம் கருகியிருந்தது. முன்னரும் பதினெட்டு முறை அங்கே நெருப்புத் தோன்றித் தானாகவே அணைந்திருந்தது என்பதே இதன் பொருள். அக்கருகல்கள் யாவும் வலப்பக்கத்திலேயே இருந்தன. லண்டனில் நகரும் படியில் நிற்பவர்கள் வலப்பக்கம் நிற்பது வழக்கம். நின்று சிகரெட் பற்றவைப்பவரும் அப்பக்கத்தவரே.

பதினெட்டு முறை யந்திரம் தன் நிலையைக் கூறியது. மரத்தில் கரியால் எழுதிக் காட்டியது. விளக்கோடு ஒருவரை அடியில் அனுப்பியிருந்தால் அவர் அதை வாசித்திருப்பார். எவரும் வாசிக்கவில்லை, பத்தொன்பதாவது முறை நெருப்பு அணையவில்லை.

இரண்டாவது செய்தி விஞ்ஞானம் சார்ந்தது. சிறு தீ ஏன் ஒரு நொடியில் பெருந்தீயாயிற்று? ஹார்வெல் அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தின் கணினியில் அத்தீயை மீண்டும் உருவாக்கிப் பார்த்தனர். எரியும் சுவாலை மேல்நோக்கி நிமிராமல், படிக்கட்டின் தொட்டி போன்ற பள்ளத்தில் படுத்துக் கிடந்து மேலே ஓடுவதாகக் கணினி காட்டியது. இது பிழையாகவே இருக்கும் என்று முதலில் ஐயுற்றனர். பின்னர் மூன்றில் ஒரு பங்கு அளவில் மாதிரி அமைத்து எரித்தபோது, கணினி காட்டியபடியே நெருப்பு நடந்தது. 30 பாகை சாய்ந்த பள்ளத்தில் படுத்த சுவாலை, மேலுள்ள மரத்தைச் சூடேற்றிச் சூடேற்றி, திடீரென ஒருசேரப் பற்றவைத்துவிடும். இதற்கு ‘அகழி விளைவு’ என்று பொருள்படும் பெயரிட்டனர். அதுவரை இவ்வியல்பை எவரும் அறிந்திலர். ஆகவே அந்தக் கடைசி நொடியின் வேகத்தை முன்னரே அறியாமற் போனதற்காக எவரையும் குறைகூறல் நீதியன்று. ஆனால் பசையையும் பஞ்சையும் அறிய அணுசக்தி நிலையம் வேண்டுமா? ஒரு கைவிளக்கும் துடைக்கும் துணியும் போதும்.

குற்றவாளி யார்?

இத்தகைய விபத்துகள் நேரும்போது முதலில் தேடப்படுபவன் ஒரு தனிமனிதன். பாரிசில் பதினைந்து சதம் கேட்ட பிரயாணி; லண்டனில் தீக்குச்சி எறிந்த முகந்தெரியாத ஒருவன். 2018 ஒக்டோபரில் ரோமாபுரியின் ரெப்புப்ளிக்கா சுரங்க நிலையத்தில் இறங்கும் படிக்கட்டொன்று கட்டுமீறி ஓடியது. இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர்; அவர்களுட் பெரும்பாலோர் உதைபந்தாட்டம் பார்க்க மொஸ்கோவிலிருந்து வந்திருந்த இரசிகர்கள். அவர்கள் படியில் குதித்தார்கள், அதனால் நேர்ந்தது என்றே முதலில் கூறப்பட்டது. பின்னர் நடந்த நீதித்துறை விசாரணையோ பராமரிப்பில் நேர்ந்த குறைகளையும் தடைகளின் நிலையையும் நோக்கித் திரும்பியது.

தீக்குச்சியை எறிந்தவன் தவறிழைத்தான், ஐயமில்லை. ஆனால் இலட்சக்கணக்கானோர் நடமாடும் இடத்தில் ஒருவன் தீக்குச்சியை எறிவான் என்பது மழைக்காலத்தில் மழை பெய்யும் என்பது போன்றது. அதனை எதிர்பார்த்து அமைப்பதற்குத்தான் நிருவாகம் என்ற ஒன்று இருக்கின்றது.

நம்மவருள் சிலர் உடனே கூறக்கூடிய விடை ஒன்று உண்டு: செலவைக் குறைத்தார்கள், மக்களைக் கொன்றார்கள் என்பது. அக்காலத்துப் பிரித்தானிய அரசு பொதுச் சேவைகளை நடத்திய விதத்தை நாம் அறிவோம். ஆயினும் உண்மைக்கு நாம் கடமைப்பட்டவர்கள். பாதுகாப்புக்கு வேண்டிய பணம் மறுக்கப்பட்டதே காரணம் என்று பெனல் அறிக்கை கூறவில்லை. அது கூறியது இதனினும் கசப்பானது. நிலையத்தை நடத்துவது ஒரு பகுதியினர் பொறுப்பு. யந்திரத்தைப் பேணுவது பொறியியலாளர் பொறுப்பு. பிரயாணிகளின் பாதுகாப்பு முழுவதற்கும் பொறுப்பானவர் ஒருவரும் இல்லை. முந்திய தீக்கள் ஒவ்வொன்றின் பின்னும் எழுதப்பட்ட விதப்புரைகள் மேலிடத்தில் உரிய கவனம் பெறவில்லை. தீ நேரும், நேர்ந்தால் அணைத்துக்கொள்ளலாம் என்பதே அவர்களின் சித்தாந்தமாக இருந்தது. ஒரு பெரும் நிறுவனத்தில் எல்லாரும் தத்தம் வேலையைச் செய்தும் 31 பேர் மாளலாம் என்பதை அது காட்டிற்று. பணத்தாசையை இனங்காண்பது எளிது. இடைவெளியில் விழுந்துபோகும் பொறுப்பை இனங்காண்பது கடினம். அதனால்தான் அது அதிகம் பேரைக் கொல்கின்றது.

அறிக்கையின் விளைவுகளும் கூறப்பட வேண்டியவை. போக்குவரத்து நிருவாகத்தின் தலைவர்கள் பதவி துறந்தனர். 1989இல் நிலக்கீழ் நிலையங்களுக்கான தீத்தடுப்பு விதிகள் சட்டமாயின. மரப்படிக்கட்டுகள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. நிலத்துக்கு மேலே அமைந்திருந்த கிறீன்போர்ட் நிலையத்தின் மரப்படிக்கட்டு மட்டும் எஞ்சி நின்று, 2014இல் அதுவும் அகற்றப்பட்டது. பகிரங்க விசாரணை என்ற ஒன்று நிகழ்ந்தமையாலேயே இவை கைகூடின. மொஸ்கோவின் மௌனத்தோடு இதனை ஒப்பிடுவோர், பகிரங்கம் என்பது உயிர்காக்கும் ஒரு கருவி என்பதை உணர்வர்.

மாண்டவர்களுள் ஒருவர் இன்னார் என நெடுங்காலம் அறியப்படவில்லை. பிணவறையில் கட்டிய அடையாளச் சீட்டிலிருந்த இலக்கமே 16 ஆண்டுகளாக அவர் பெயராயிற்று. 2004ஆம் ஆண்டிலேயே அவர் யார் எனத் தெளிவாயிற்று. பொது யந்திரத்தில் ஏறும்போது நாம் எல்லோரும் பெயரற்றவர்களே. நிருவாகத்தின் கணக்கில் நாம் இத்தனை ஆயிரம் பிரயாணிகள் என்ற ஒரு தொகை. அந்தத் தொகையிலிருந்து ஒரு பெயரை மீட்க அந்நகருக்கு 16 ஆண்டுகள் சென்றன.

யந்திரத்தை வெறுக்குமாறு இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கவில்லை. முதியவரையும் நோயுற்றவரையும் சுமை தாங்கியவரையும் ஏற்றிச் செல்லும் படி மனித அறிவின் நற்பேறு. அதை எவரும் இழக்க வேண்டியதில்லை. வேண்டுவது வேறொன்று. ஊர் உறங்கும் நேரத்தில் படியைத் திறந்து, அடியில் இறங்கி, பசையைத் துடைக்கும் ஒரு தொழிலாளி எந்த நகரத்திலும் உண்டு. யந்திரத்தின் உண்மை நிலையை முதலில் காண்பவர் அவரே. மரம் கருகியிருப்பதைக் கண்டு அவர் ‘தீ’ என்று கூறினால், அச்சொல் ‘புகைச்சல்’ என்று திருத்தப்படாமல் கடைசி மாடி வரை சென்று சேர வேண்டும். அங்கிருந்து பிரயாணியின் காதுக்கும் வர வேண்டும். அவருக்கு அவ்வாறு கூறும் உரிமையும், கூறினால் வேலை போகாது என்ற உறுதியும் இருக்கின்றனவா என்பதைக் கேட்டறிவது, அப்படியில் கால் வைக்கும் ஒவ்வொருவரின் கடமையாகும்.